சத்துமாவு வாசம்

தேஜான், தென்கொரியா
ஆகஸ்ட் 17

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ‘போனைத்தான் எடுக்க மாட்டேங்கிற, கடுதாசியையாவது பிரிச்சுப் படி’ என்ற வரியில் உன் குரல் அப்படியே கேட்டது. தப்புதான். லேபில் வேலை அதிகம், வேறொன்றும் இல்லை.

இங்கேயும் வெயில் கொளுத்துகிறது. ராத்திரியிலும் புழுக்கம். கீழ்வீட்டுப் பாட்டி, என் குப்பையைக் கிளறிப் பார்த்துத் திட்டுவாரே அவர்தான், போன வாரம் கதவைத் தட்டி ஒரு சட்டி கோழி சூப் கொடுத்தார். முழுக் கோழியின் வயிற்றுக்குள் அரிசி, பூண்டு, ஜின்செங் வேர். கோடையில் மூன்று நாள் குறித்துவைத்து இதைக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறார்கள். சூட்டைச் சூட்டால்தான் அடக்க வேண்டுமாம்.

அதற்குப் பரிகாரமாக நேற்று பிங்சு சாப்பிட்டேன். லேப் பையன்களோடுதான் போனேன். நம்மூர்த் திருவிழாவில் ஐஸைச் சீவிக் கலர் ஊற்றித் தருவார்களே, அதற்கு இது பெரியப்பா முறை. பாலையே உறையவைத்துச் சீவுகிறார்கள். சலித்த பச்சரிசி மாவைக் குவித்த மாதிரி கிண்ணம் நிறைய வரும். நாக்கில் பட்டதும் காணாமல் போகும். வழக்கமாக மேலே சிவப்புப் பயறை இனிப்பாக வேகவைத்துப் போடுவார்கள். அந்தப் பயறு பேயை விரட்டும் என்கிறார் பாட்டி. மார்கழிக் குளிரில் அதிலேயே கஞ்சி வைப்பார்களாம்.

நான் வாங்கியது இன்ஜல்மி பிங்சு. வறுத்த சோயா மாவைக் கொட்டி, அதே மாவில் புரட்டிய பிசுபிசுப்பான அரிசிக் கொழுக்கட்டைத் துண்டுகளை மேலே வைத்திருந்தார்கள். முதல் வாயிலேயே மூச்சை உள்ளே இழுத்துவிட்டேன். இருமிய இருமலில் மேசை, சட்டை, எதிர் நாற்காலியில் வைத்திருந்த என் பை எல்லாம் மாவு. கடைப் பெண் தண்ணீரோடு ஓடி வந்தாள். இரண்டு பேர் சாப்பிடும் கிண்ணம், ஸ்பூனும் இரண்டு வைப்பார்கள். ஒன்று வைத்தபடியே இருந்தது. விலையைக் கேட்காதே.

அந்த வாசம்தான் அம்மா. மில்லில் சத்துமாவு அரைத்து வந்து சூடு ஆறப் பேப்பரில் கொட்டி வைப்பாயே, நானும் தங்கச்சியும் விரலால் கோடு கிழிப்போமே, அதே வாசம். அதற்கு மேல் இறங்கவில்லை. மிச்சம் கரைந்து பாலாகிவிட்டது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் அரைக் கிலோ கொடுத்துவிடு.

அப்பாவுக்கு ஒரு சேதி. கியோங்ஜுவில் 1738இல் கட்டிய கல் அறை ஒன்று பார்த்தேன். குளிர்காலத்தில் வெட்டிய ஐஸைக் கோடைக்குச் சேர்த்துவைக்கக் கட்டியது. பாதி மண்ணுக்குள், வளைவுக் கூரை, உச்சியில் காற்றுத் துளை. கொத்தனார் பார்க்க வேண்டிய வேலை. முட்டி வலி தீரும்வரை அவரைச் சாரம் ஏற விடாதே.

நகை வட்டிக்கான பணம் இந்த மாதம் பத்து நாள் தள்ளி வரும். வங்கிக் கணக்கை மாற்றுகிறேன், அவ்வளவுதான். மாமாவிடம் கேட்காதே, சித்தியிடம் வாங்கிக் கட்டிவிடு. மாப்பிள்ளை வீட்டார் ஆவணியிலேயே பூ வைக்கிறோம் என்றால் சரி சொல்லுங்கள். ஆனால் தங்கச்சி பி.எட். முடித்த பிறகுதான் கல்யாணம். மேலத்தெரு அத்தைக்கு முதலில் சொல்லிவிடு, போன தடவை மாதிரி ஆகிவிடக் கூடாது.

இப்படிக்கு,
பெரியவன்