இரவு பத்தரை மணிச் செய்தி எந்தக் கணக்கில் சேரும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையக் குற்றங்கள் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளில் பெரும்பாலானவை பணம் பறிபோன கதைகளாகவே இருக்கின்றன. அதில் வியப்பில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021இல் நாடு முழுவதும் 52,974 ஆக இருந்த இணையக் குற்ற வழக்குகள் 2022இல் 65,893 ஆக உயர்ந்தன, அவற்றில் 64.8 விழுக்காட்டின் நோக்கம் மோசடி என்றும், 5.2 விழுக்காட்டின் நோக்கம் பாலியல் சுரண்டல் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. இந்த இரண்டாவது எண் எப்படி இவ்வளவு சிறியதாக வந்தது என்பதைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கல்லூரி ஒன்றில் சமூகப்பணித் துறையில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நான், கோவை, திருப்பூர்ப் பகுதிகளில் சில நிறுவனங்களின் உள்ளகப் புகார் குழுக்களில் வெளி உறுப்பினராக ஒன்பது ஆண்டுகளாக இருந்து வருகிறேன். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனம் ஒவ்வொன்றிலும் இத்தகைய குழு இருக்க வேண்டும், அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த வெளியாள்தான் நான். குழுவில் சேர்ந்த புதிதில் எங்கள் முன் வந்த புகார்கள் மாடிப்படியிலும் சரக்கறையிலும் கம்பெனி வேனிலும் நடந்தவை. கடந்த நான்கைந்து ஆண்டுகளில், கைபேசி ஏதோ ஒரு வகையில் நுழையாத புகாரை நான் பார்த்த நினைவில்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பனியன் கம்பெனி ஒன்றின் செக்கிங் பிரிவில் வேலை செய்த பெண்ணின் எண், ஷிஃப்ட் நேரத்தை அறிவிப்பதற்காகத் தொடங்கப்பட்ட வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. லைன் சூப்பர்வைசர் அங்கிருந்து எண்ணை எடுத்துக்கொண்டு தனியாகச் செய்தி அனுப்பத் தொடங்கினார். முதலில் மறுநாள் ஓவர்டைம் உண்டா இல்லையா என்ற தகவல், பிறகு இரவு பத்தரை மணிக்குக் குட் நைட், அதன் பிறகு முகப்புப் படத்தைப் பற்றிய பாராட்டு, அதன் பிறகு எழுதக் கூசும் சங்கதிகள். அந்தப் பெண் பதிலுக்கு எழுதியதெல்லாம் 'சரிங்க சார்' என்பது மட்டுமே. பதில் எழுதாத வாரத்தில் ஓவர்டைம் பட்டியலில் அவர் பெயர் இருக்காது.

செய்திகளைக் காட்டுமாறு எங்கள் புகார் குழுவில் கேட்டபோது அவரிடம் எதுவும் இல்லை. 'போன் எனக்கு மட்டும் இல்லீங்க மேடம், வீட்டுக்கே அது ஒன்னுதானுங்க. பையன் படிக்கறதும் அதுலதான், அவர் பேசறதும் அதுலதான். வந்த உடனே அழிச்சுருவேனுங்க' என்றார். கணவர் கண்ணில் பட்டுவிட்டால் கேள்வி சூப்பர்வைசரை நோக்கிப் போகாது, தன்னை நோக்கித்தான் வரும், முதலில் கைபேசி போகும், அடுத்து வேலை போகும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதே ஆளிடமிருந்து அதே மாதிரிச் செய்திகளைப் பெற்ற இன்னொரு பெண், திருமணமாகாதவர், விடுதியில் தங்கியவர், சொந்தக் கைபேசி வைத்திருந்தவர், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால்தான் அந்த விசாரணை ஒரு முடிவுக்கு வந்தது. சான்று கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் வீட்டில் கைபேசி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு உறைத்தது.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, தாங்களே பயன்படுத்தும் கைபேசி தங்களிடம் உள்ளதாகச் சொன்ன பெண்கள் இந்திய அளவில் 54 விழுக்காட்டினர் என்கிறது. இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியவர்கள் ஆண்களில் 57 விழுக்காட்டினர், பெண்களில் 33 விழுக்காட்டினர். வன்முறை பற்றிய கேள்விகளும் அதே ஆய்வில் உண்டு. அடித்தவர் யார் என்ற கேள்விக்குரிய விடைகளில் கணவர், மாமியார், ஆசிரியர் என்ற வரிசையில் வேலை கொடுப்பவரும் இருக்கிறார். ஆனால் கைபேசி வழியே வரும் தொல்லையைப் பற்றி அங்கே ஒரு கேள்வியும் இல்லை. கைபேசி ஒரு பக்கத்திலும் வன்முறை இன்னொரு பக்கத்திலும் இருக்கின்றன. இரண்டையும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை.

ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வும் அப்படித்தான். 2024ஆம் ஆண்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். வேலைக்குப் போகும் பெண்ணின் நாள் எப்படி இரண்டு ஷிஃப்டாக உடைகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண் நம்மிடம் இல்லை. அதற்காக அந்த ஆய்வாளர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதன் முறையைக் கவனியுங்கள். அதிகாலை நான்கு மணி முதல் மறுநாள் அதிகாலை நான்கு மணி வரையிலான ஒரு நாளை அரைமணிக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். ஒரே அரைமணியில் பல வேலைகள் நடந்திருந்தால் பத்து நிமிடமாவது நீடித்தவற்றையே குறிக்கிறார்கள். பாத்திரம் துலக்கி முடித்து, மறுநாளைக்கு மாவைக் கரைத்து வைத்துவிட்டுக் கைபேசியைப் பார்க்கும் பெண், சூப்பர்வைசரின் செய்தியைப் படித்து 'சரிங்க சார்' என்று எழுதி அழிக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் வேலையும் ஆகாது, ஓய்வும் ஆகாது, கணக்கிலும் வராது. ஆனால் அதற்குப் பிறகு அவர் தூங்காமல் கிடந்த நேரம் 'உறக்கம்' என்ற தலைப்பில் பதிவாகியிருக்கக்கூடும்.

காவல்துறைக் கணக்கில் வேறு சிக்கல். ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றுள் கடுமையான ஒன்றை மட்டும் எண்ணுவது குற்ற ஆவணக் காப்பகத்தின் நெடுநாள் நடைமுறை. அலுவலகத்தில் கையைப் பிடித்து இழுத்ததும் இரவில் ஆபாசப் படம் அனுப்பியதும் ஒரே புகாரில் வந்தால், இரண்டில் ஒன்று அட்டவணையிலிருந்து மறைந்துவிடும். பாலியல் வன்புணர்வு வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்கு யார், குடும்பத்தினரா, அண்டை வீட்டார், முதலாளி போன்ற அறிமுகமானவரா, அறிமுகமற்றவரா என்று பிரித்துக் காட்டும் அட்டவணை அதே அறிக்கையில் பல ஆண்டுகளாக இருக்கிறது. இணையக் குற்றங்களுக்கோ நோக்கம் மட்டும் கேட்கப்படுகிறது: மோசடியா, மிரட்டிப் பணம் பறிப்பதா, பழிவாங்கலா, குறும்பா என்று. செய்தவர் யார் என்ற கேள்வி இல்லை. இதனால் இணையக் குற்றவாளி என்றாலே எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஆள் என்ற எண்ணம் நம் மனத்தில் படிந்துவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் நாட்டின் முதல் தண்டனை என்று பரவலாகச் சொல்லப்படும் தீர்ப்பு, 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் வந்தது. இணையக் குழு ஒன்றில் ஒரு பெண்ணைப் பற்றி ஆபாசமாக எழுதியதற்காக வந்த தீர்ப்பு அது. எழுதியவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே அறிமுகமானவர். வழக்குப் பதிவாகி ஏறத்தாழ ஏழே மாதங்களில் தண்டனை கிடைத்தது என்பதையும் இன்றைய காவல் அதிகாரிகளுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

நான் மேலே சொன்ன பெண்களில் ஒருவருடன் காவல் நிலையத்துக்கு நானே போயிருந்தேன். வேலை கொடுப்பவர் இதற்கு உதவ வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது. கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை என்பது வேறு செய்தி. மேசையில் இருந்தவர் எங்களைக் கனிவாகவே நடத்தினார், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பிறகு 'எவ்வளவு பணம் போச்சு?' என்று கேட்டார். பணம் போகவில்லை என்றதும் அவர் பேனாவை மூடிவிட்டார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. பயிற்சியும், படிவமும், இணையப் பண மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணின் விளம்பரமும் அவருக்கு அந்தக் கேள்வியைத்தான் கற்றுக்கொடுத்திருக்கின்றன.

சட்டத்தில் ஓட்டை இருப்பதாக நான் சொல்லவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, பின்தொடர்தல் என்பதற்குள் ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதையும் சேர்த்திருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டமும் பாலியல் தன்மையுள்ள, விரும்பத்தகாத எந்தச் சொல்லையும் செயலையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிவானது. வேலையின் பொருட்டுச் செல்லும் எந்த இடத்தையும், கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியையும்கூட அது பணியிடம் என்கிறது. ஆயினும் நிர்வாகத் தரப்பிலிருந்து நான் மறுபடியும் மறுபடியும் கேட்கும் கேள்வி, 'ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போன பிறகு நடந்ததுக்குக் கம்பெனி எப்படி மேடம் பொறுப்பு?' என்பதுதான். எண்ணைக் கொடுக்கச் சொன்னது கம்பெனி, குழுவைத் தொடங்கியது கம்பெனி, இரவில் செய்தி பார்க்காவிட்டால் காலையில் திட்டுவது கம்பெனி. வேனுக்குள் நடப்பதற்குப் பொறுப்பேற்கும் நிறுவனம், தான் உருவாக்கிய குழுவிலிருந்து எடுத்த எண்ணுக்கு மட்டும் எப்படிக் கைகழுவ முடியும்? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆம் உடன்படிக்கை, வேலை தொடர்பான தகவல் தொடர்பு வழியே நடக்கும் துன்புறுத்தலையும் வெளிப்படையாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

எனவே என் கோரிக்கை எண்ணிக்கை சார்ந்தது. 2013ஆம் ஆண்டு விதிகளின் 14ஆம் விதிப்படி நாங்கள் ஆண்டுதோறும் தரும் அறிக்கையில் ஐந்து விவரங்கள் மட்டுமே உண்டு: வந்த புகார்கள், முடிந்தவை, தொண்ணூறு நாளைத் தாண்டி நிற்பவை, நடத்திய விழிப்புணர்வுக் கூட்டங்கள், எடுத்த நடவடிக்கையின் தன்மை. 2025 ஜூலை முதல் நிறுவனங்கள் தம் இயக்குநர் அறிக்கையில் இவற்றில் முதல் மூன்று எண்களை வெளியிட வேண்டும் என்று விதி வந்திருப்பது நல்லதே. ஆனால் துன்புறுத்தல் நேரில் நடந்ததா, கைபேசியில் நடந்ததா, வேலை நேரத்திலா, அதற்குப் பிறகா என்பது எங்கும் பதிவாவதில்லை. நான் கையெழுத்திட்ட ஒன்பது ஆண்டு அறிக்கைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தாலும், நாளை ஓர் ஆய்வு மாணவிக்கு இந்த மாற்றம் எப்போது நேர்ந்தது என்று சொல்ல முடியாது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோரைக் கொண்ட தமிழ்நாட்டுக்கு, ஒன்றிய அரசின் விதி திருந்தும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மாவட்ட அலுவலர்களுக்கு அனுப்பப்படும் அறிக்கையோடு ஒரு கூடுதல் தாளை இணைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினாலே போதும். குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையக் குற்ற அட்டவணையில் 'அறிமுகமானவரா, உடன் பணிபுரிபவரா' என்ற நிரலும், அடுத்த குடும்பநல ஆய்வின் வன்முறைப் பகுதியில் கைபேசி பற்றிய இரண்டு கேள்விகளும் சேர்ந்தால், மீதியை ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படி எண்ணத் தொடங்கினால் பொய்ப் புகார்கள் பெருகும் என்று சிலர் எழுதக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. வேண்டுமென்றே கொடுத்த பொய்ப் புகாருக்கு நடவடிக்கை எடுக்க 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. நிரூபிக்க முடியாமற் போனது என்பதாலேயே புகார் கொடுத்தவர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. எங்கள் குழுவில் அழிந்துபோன செய்திகளோடு வந்து நின்ற அந்தப் பெண்ணை நினைத்தே சட்டத்தை எழுதியவர்கள் அந்த வரியைச் சேர்த்தார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவர் பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து நின்றுவிட்டார். வாட்ஸ்அப் குழு இல்லாத கம்பெனியாகப் பார்த்துச் சேர்ந்திருப்பதாக ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் பார்த்தபோது சொன்னார். அங்கே கூலி குறைவு.

வரும் ஜனவரியில் எங்கள் குழுக்களின் ஆண்டறிக்கையை நிரப்பும்போது, ஐந்து விவரங்களுக்குக் கீழே ஆறாவதாக 'கைபேசி வழி நடந்தவை' என்று நானே கையால் ஒரு வரி எழுதிச் சேர்க்கப் போகிறேன். படிவத்தில் இல்லாததை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டு யாரும் திருப்பி அனுப்பாமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூகப்பணித் துறை ஆசிரியை,
கோயம்புத்தூர்.