சுவரில் ஏது இடைவேளை?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி ஆங்கில வரி ஒன்றை இப்படித் தமிழாக்கியிருந்தாள்: ‘சுவரின் இடைவேளையில் விளக்கு எரிந்தது.’ ‘ரிசெஸ்’ என்ற சொல்லுக்கு அவளுடைய கையேட்டில் இருந்தது அந்த ஒரு பொருள்தான். திருமங்கலம் பக்கம் உள்ள எங்கள் பழைய வீட்டுக்கு அழைத்துப்போய், வாசல் கதவுக்கு இருபுறமும் இருக்கும் விளக்கு மாடத்தைக் காட்டினேன். உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் ஒட்டிக்கொண்டன. “இதுவா தாத்தா ரிசெஸ்?” என்றாள். இதுவும்தான்.

பின்வாங்குதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. சுவர் கொஞ்சம் உள்வாங்கிய இடமும் அதுதான், வேலையிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கும் நேரமும் அதுதான். அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் விளையாடப் போகும் நேரம் ரிசெஸ். நம் ஊரில் இன்டர்வெல்.

நாடாளுமன்றச் செய்திகளில்தான் எனக்கு வருத்தம். பட்ஜெட் கூட்டத்தொடரின் நடுவே வரும் ரிசெஸை ‘விடுமுறை’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த நாட்களில் எம்.பி.க்கள் அடங்கிய நிலைக்குழுக்கள் உட்கார்ந்து துறைவாரியாக மானியக் கோரிக்கைகளை, அதாவது ஒவ்வொரு துறையும் செலவுக்குக் கேட்கும் தொகையை, ஆராய்கின்றன. அதை விடுமுறை என்றால் படிப்பவருக்குத் தப்பான எண்ணம்தானே வரும்? இங்கே ‘இடைவேளை’ என்றே எழுதலாம்.

அப்புறம், கையேடு தயாரிப்பவர்கள் ரிசெஸுக்கு எதிரே ‘மாடம்’ என்பதையும் சேர்க்க வேண்டும். பக்கத்தில் சின்னதாக ஒரு படமும் போட்டால் நல்லது. புது வீடுகளில் இப்போது மாடம் வைப்பதில்லை.

– வாசகர், மதுரை