கூழில தொடங்கினால் செலவு குறையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு பேப்பரில ஒரு வாசகர் எழுதியிருந்தவர், இந்த விலைவாசியில வீட்டுக்கு ஆக்களைக் கூப்பிட்டு ராச்சாப்பாடு குடுக்கிற காலம் போட்டுது, இனி ஹோலும் கேட்டரிங்கும்தான், ஏலாதவை பேசாமல் இருக்க வேண்டியதுதான் எண்டு. அதை வாசிச்ச நேரம் தொடக்கம் எனக்கு மனம் ஆறேல்லை, அதுதான் எழுதுறன். ஏலும் ஐயா. போன மாசம் ஒரு சனிக்கிழமை, கனடாவில இருந்து வந்த மச்சாள் குடும்பமும் பக்கத்து வீட்டு ஆக்களுமா 14 பேருக்கு எங்கட முத்தத்தில பாய் விரிச்சு ஒண்டுக்குப் பின்னால ஒண்டா நாலு தரமாச் சாப்பாடு குடுத்தனான், கடன் படேல்லை, அடுத்த நாள் நாரி நோவெண்டு படுக்கவும் இல்லை.

நாலு தரம் எண்ட உடன பெரிய செலவெண்டு நினைப்பியள். எல்லாத்தையும் ஒரேயடியா மேசையில பரப்பினால்தான் செலவு. ஆளாளுக்கு எல்லாத்திலயும் கொஞ்சம் அள்ளிப் போட்டு, பாதி பிளேட்டில மிஞ்சி, கடைசியில நாய்க்கும் கோழிக்கும்தான் போகும். முதல்ல ஒடியல் மாவில மீனும் மரக்கறியும் போட்டுக் காய்ச்சிற கூழைக் குடுத்துப் பாருங்கோ. வயிறு அரைவாசி நிறைஞ்சிடும், பேந்து பிட்டுக்கு முன்னால ஒருத்தரும் அவதிப்படாயினம். வழக்கமா 14 பேருக்கு நான் ரெண்டு கிலோ அரிசி மா குழைக்கிறனான், அண்டைக்கு ஒண்டேகால் கிலோ குழைச்சன், அதிலயும் ஒரு நீத்துப்பெட்டிப் பிட்டு மிஞ்சினது.

கூழுக்குப் பெரிய மீன் தேவையில்லை. பாசையூர்ச் சந்தைக்கு விடியப் போய் மீன் தலையும் சின்ன நண்டும் கொஞ்ச இறாலும் வாங்கினன். பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு எல்லாம் இஞ்ச யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில, பலாக்கொட்டையும் முருங்கையிலையும் வீட்டில இருந்தது. ஒடியல் மாவை, அதுதான் காய்ஞ்ச பனங்கிழங்கு மாவை, மட்டும் மத்தியானமே தண்ணியில ஊறப்போட்டு மேல் தண்ணியை ரெண்டு மூண்டு தரம் ஊத்திப்போடுங்கோ, இல்லாட்டிக் கைப்பு நிக்கும். அந்த மாவை கடைசியிலதான் பழப்புளியோடயும் அரைச்ச செத்தல் மிளகாயோடயும் கரைச்சு விடவேணும், விட்ட பிறகு கை ஓயாமல் துழாவவேணும், கட்டி பட்டால் பேந்து ஒண்டும் செய்யேலாது. முத்தத்தில மூண்டு கல்லு வைச்சு பனம்மட்டையில காய்ச்சினபடியால் காஸும் செலவில்லை. 2022இல காஸ் இல்லாமல் நிண்ட நேரம் நாங்கள் எல்லாரும் இந்த அடுப்புக்குத்தானே திரும்பினனாங்கள், அந்தப் பழக்கத்தை ஏன் விடுவான்?

கூழ் குடிக்கப் பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திற வேலையைச் சின்னப் பிள்ளையளிட்டக் குடுத்தன், மச்சாளின்ர மகனுக்குத் தமிழ் மட்டுமட்டு, ஆனால் அந்தப் பெடியன்தான் ஆகக் கூடக் கோலினவன்.

கூழ் குடிச்சு வேர்த்துப் போயிருந்து ஒரு மணித்தியாலம் கதைச்சம், ஒருத்தரும் அவசரப்படேல்லை. அந்த நேரத்திலதான் நான் உள்ளுக்குப் போய் ரெண்டாவதை எடுத்தனான், மிச்ச மரவள்ளியை அவிச்சு வைச்சிருந்தது, அதோட கட்டைச் சம்பல். மூண்டாவது பிட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, சூடைமீன் பொரியல், சொதி. குழம்பு காலமையே வைச்சது, அது ஆறினால்தான் ருசி. கடைசியாக் கப்பல் வாழைப்பழமும் பனம்பழக் களியைக் காயவைச்ச பினாட்டும், பனங்கட்டிக் கடியோட பிளேன்ரீ. ரீக்கு இஞ்சி போடேல்லை, மரவள்ளி சாப்பிட்ட நாளில எங்கட வீட்டில இஞ்சி சேர்க்கிறேல்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் அந்த 25 நாளும் சைவம்தான், அப்பவும் இதே ஒழுங்குதான், மீன் இல்லாமல் மரக்கறிக் கூழ், சூடைமீனுக்குப் பதிலா வாழைக்காய்ப் பொரியல்.

பக்கத்து வீட்டு அக்கா நான் என்ன கொண்டு வாறது எண்டு கேட்டவா. முந்தியெண்டால் ஒண்டும் வேண்டாம் எண்டு சொல்லியிருப்பன். இந்த முறை சொதியை நீங்கள் வைச்சு வாங்கோ அக்கா எண்டு வாய் திறந்து சொன்னன், அவாவுக்கு அது எவ்வளவு சந்தோசமெண்டு முகத்திலயே தெரிஞ்சுது. இதைச் சொல்ல வெக்கப்படாதேங்கோ. விருந்து எண்டால் வீட்டுக்காரி குசினிக்க நிண்டு வேகவேணும், வந்தவை இருந்து சாப்பிடவேணும் எண்ட நினைப்பாலதான் கனபேர் ஹோலுக்கு ஓடினம்.

விலைவாசியைப் பற்றி அந்த வாசகர் சொன்னது பொய்யில்லை. 2022 செப்டெம்பரில கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில சாப்பாட்டுச் சாமான் பணவீக்கம் 94.9 வீதத்துக்குப் போனது, பிறகு பணவீக்கம் குறைஞ்சுது எண்டு சொன்னாலும் ஏறின விலை அந்தளவுக்கு இறங்கேல்லை. 2024 ஜனவரியில இருந்து வற் வரியும் 18 வீதம், கனக்க ரெஸ்ரோரண்டுகளில அதோட 10 வீதம் சேர்விஸ் சார்ஜும் வரும். எனக்குத் தெரிஞ்ச ஒரு இளம் தாய் பிள்ளையின்ர முதலாவது பேர்த்டேக்குச் சங்கிலியை அடைவு வைச்சுத்தான் ஹோல் எடுத்தவா, வந்த சனம் ஒரு மணித்தியாலத்தில சாப்பிட்டு படமெடுத்துப்போட்டுப் போட்டுது, சங்கிலி இன்னும் மீளேல்லை. அந்தத் தாயை நினைச்சால் எனக்கு இப்பவும் நெஞ்சு கனக்குது. அவாவுக்கு ஆராவது முதலே, வீட்டில செய்யலாம் தங்கச்சி, நாங்களும் வாறம் எண்டு சொல்லியிருக்கலாம். நானும் சொல்லேல்லை.

உங்களிட்ட ஒண்டு கேக்கிறன் ஆசிரியர். பெண்கள் பக்கத்தில வாற சமையல் குறிப்பெல்லாம் நாலு பேருக்குரிய அளவு. மாசத்தில ஒருக்காவாவது 10, 15 பேருக்கு, எது முதல், எது பிறகு, எதை முதல் நாளே செய்து வைக்கலாம், என்ன செலவு வரும் எண்டு வாசகர்களிட்டக் கேட்டுப் போடுங்கோ. 14 பேருக்குரிய கூழ் அளவை நான் இந்தக் கடிதத்தோடயே தனித்தாளில எழுதி வைச்சிருக்கிறன்.

இப்படிக்கு,
கோண்டாவிலில இருந்து ஒரு வாசகி