பெரிய எழுத்தில் வந்த ஆராதனைத் தாள்

கோத்தகிரியிலும் அதைச் சுற்றியுள்ள தேயிலை எஸ்டேட் லைன் குடியிருப்புகளிலும் படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் வாழும் அன்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

கொரோனா தொற்றிலிருந்து எங்கள் வீடு மீண்டுவிட்டது. 2021 மே, ஜூன் மாதங்களில் நடந்தவற்றை உங்கள் வீடுகளிலேயே கண்டவர்கள் நீங்கள் என்பதால், அவற்றை இங்கே விவரிக்கப் போவதில்லை. ஏப்ரல் 26 முதல் பூட்டியிருந்த வழிபாட்டுத் தலங்கள் ஜூலை 5 அன்று திறந்தன. கடந்த ஞாயிறன்று அம்மா ஆலயத்தில் தம் வழக்கமான இடத்தில் அமர்ந்ததைப் பார்த்த பிறகு, இந்த மடலைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

முதல் நன்றி, எங்கள் திருச்சபையில் போதகருக்குத் துணையாக ஊழியம் செய்யும் உபதேசியார் ஐயாவுக்கு. ஆராதனை யூடியூபுக்கு மாறியபோது எங்களில் பலருக்கு அது பெரும் ஆறுதலாக இருந்தது; அதற்காக உழைத்த இளைஞர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் லைனில் சிக்னல் நிற்பதில்லை. அம்மாவுக்குக் காதும் மந்தம், கண்ணுக்குப் பெரிய எழுத்து மட்டுமே தெரியும். இதை எப்படியோ அறிந்திருந்த உபதேசியார், அந்த வாரத்துச் சங்கீதத்தையும் பிரசங்கத்தின் சாரத்தையும் கட்டைவிரல் அகல எழுத்துகளில் தம் கையாலேயே எழுதி, ஞாயிறுதோறும் நடந்து வந்து எங்கள் கேட்டில் கட்டியிருந்த கூடையில் வைத்துவிட்டுப் போனார். யாரும் அவரிடம் இதைக் கேட்கவில்லை.

தாளின் கடைசியில் அந்த வாரம் சபை யாருக்காக ஜெபித்தது என்ற பெயர்ப்பட்டியல் இருக்கும். ஜூன் தொடக்கத்தில் அம்மாவோடு நெடுங்காலம் கொழுந்து பறித்த தோழி மறைந்தார். அம்மாவின் நிலையை எண்ணி நாங்கள் அதைச் சொல்லவில்லை. சனிக்கிழமை இரவு உபதேசியார் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அந்த அம்மாவின் பெயரை விட்டுவிட்டு எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் எழுதவும் மாட்டேன்" என்றார். நாங்கள் கலந்து பேசி, எழுதச் சொன்னோம். அவர் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தவில்லை. அடக்கத்தின்போது யார் யார் நின்றார்கள், எந்தக் கீர்த்தனை பாடப்பட்டது, கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது ஆகிய எல்லாவற்றையும் அதே பெரிய எழுத்தில், போய் நிற்க முடியாத ஒருவர் என்னவெல்லாம் கேட்பாரோ அவற்றுக்கெல்லாம் பதிலாக எழுதியிருந்தார்.

அம்மா அழுதார். பிறகு பேனாவும் தாளும் கேட்டு வாங்கி, தாம் கர்ப்பமாக இருந்த காலத்தில் பறித்த கொழுந்தின் எடை குறைந்துவிடாதபடி அந்தத் தோழி தம் கூடையிலிருந்து கொழுந்தை அள்ளி அம்மாவின் கூடையில் போட்டதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார். நோயிருந்த வீட்டிலிருந்து தாளை வெளியே கொடுப்பதற்கில்லை என்பதால், அடுத்த ஞாயிறு அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். உபதேசியார் சாரலில் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு வரிவரியாகப் பார்த்து எழுதிக்கொண்டார். அன்று மாலை கைப்பேசிவழி நடந்த ஜெபக் கூட்டத்தில் அவர் அதைப் படித்தபோது, திருப்பூரிலிருந்து இணைந்திருந்த அந்தத் தோழியின் மகள் தம் தாயைப் பற்றி அதுவரை அறிந்திராத ஒன்றைக் கேட்டார். இறுதிச் சடங்குக்கு வர இயலாமற்போன அந்த மகளுக்கும் என் அம்மாவுக்கும் துக்கம் பகிர்ந்துகொள்ளும் இடமாக அந்த ஒரு தாள் இருந்தது. யார் இன்று வரவில்லை, ஏன் வரவில்லை என்று விசாரிப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதிதான் என்பதை நான் இப்போதுதான் இவ்வளவு தெளிவாக உணர்கிறேன்.

மற்றவர்களையும் நெஞ்சார நினைக்கிறேன். 2020 ரமலானில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்ச வழியில்லாதபோது, அரசு தந்த அரிசியை வீடுவீடாகக் கொண்டு சேர்த்த ஜமாத் இளைஞர்கள், அந்தப் பழக்கத்திலேயே 2021-இலும் மதம் பாராமல் மருந்தும் மளிகையும் சுமந்து வந்தார்கள். நோன்பு நாள்களிலும் அவர்கள் ஓயவில்லை. திருவிழா நின்றுபோன மாரியம்மன் கோயில் குழுவினர் அன்னதானத்துக்கு வாங்கியிருந்த அரிசியையும் பருப்பையும் தனிமையிலிருந்த வீடுகளுக்குப் பிரித்துத் தந்தார்கள். பக்கத்து ஹட்டியிலிருந்து கேரட்டும் உருளைக்கிழங்கும் கூடைக்கு வந்துகொண்டே இருந்தன. மற்ற மாவட்டங்கள் பலவற்றுக்குத் தளர்வுகள் வந்த பிறகும் நீலகிரி கட்டுப்பாட்டிலேயே இருந்த அந்த ஜூன் மாதத்தில், சலிக்காமல் ஆக்சிஜன் அளவு பார்க்க வந்த கிராம சுகாதாரச் செவிலியருக்கும் ஆஷா பணியாளருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

ஆலயம் திறந்துவிட்டாலும், படியேறி வர முடியாத முதியவர்கள் எங்கள் லைனில் இன்னும் இருக்கிறார்கள். தொற்றுக்கு முன்பும் இருந்தார்கள். ஆகவே இந்தப் பெரிய எழுத்துத் தாள் நின்றுவிடக் கூடாது என்று அம்மாவும் நானும் முடிவு செய்திருக்கிறோம். எங்கள் லைனுக்குரிய பிரதிகளை இனி நாங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்போம். உபதேசியார் ஐயா மூலத்தைச் சனிக்கிழமை மாலை தருவதாக இசைந்திருக்கிறார். மற்ற லைன்களுக்கு எழுத முன்வருவோர் அவரிடம் சொல்லுங்கள். தடித்த முனையுள்ள கறுப்புப் பேனா வேண்டும்; நீல மை அம்மாவின் வயதினருக்குச் சரியாகத் தெரிவதில்லை.

நன்றியுடன்,
கோத்தகிரியிலிருந்து ஒரு மகன்