பழைய பைக் வாங்கினா பெயின்டுக்கு முதல் பிரேக்கைப் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

பழைய மோட்டார் சைக்கிள்ட விலை ஏறிப்போன கதையை உங்கட பேப்பர்ல போட்டிருந்தீங்க. அதை வாசிச்ச நாளில இருந்து எழுதோணும் எண்டு மனசுக்குள்ள கிடந்தது. விலையைப் பற்றி எல்லாரும் கதைக்கிறாங்க, வாங்கி வீட்ட கொண்டு வந்த பிறகு என்ன செய்யோணும் எண்டு எங்களை மாதிரி புதுசா வாங்குற ஆக்களுக்கு ஆரும் சொல்லித்தாறதில்ல, அதால எனக்கு நடந்ததை எழுதுறன், இடம் இருந்தா போடுங்க.

நான் மட்டக்களப்பு ஆரையம்பதி, வாவிக்கு மற்றப் பக்கம் இருக்கிற படுவான்கரையில ஒரு பாலர் பாடசாலையில படிப்பிக்கிறன். 2014ல மண்முனைப் பாலம் திறந்த பிறகு பாதைக்கு, அதான் வாவியக் கடக்கிற மிதவைக்கு, காத்து நிக்கிற கரைச்சல் இல்ல, ஆனா பாலம் தாண்டி உள்ளுக்குப் போறதுக்கு பஸ் நேரத்துக்குக் கிடைக்காது, ஆட்டோவுக்குக் குடுத்தா சம்பளத்தில மிச்சம் ஒண்டும் இல்ல. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்க, 2025ல திருப்பித் திறந்துவிட்டாலும் புது ஸ்கூட்டி விலை பாலர் பாடசாலை டீச்சருக்கு எட்டுற விலை இல்ல. அப்பதான் தெரிஞ்ச ஆள் மூலமா ஒரு பழைய ஹொண்டா எம்.டி. 90 வந்தது. ஜப்பான்ல தபால்காரர்மார் கடிதம் கொண்டு திரியுறதுக்கெண்டு செஞ்ச பைக் அது, கிளட்ச் பிடிக்கிற வேலை இல்ல, மூணே மூணு கியர், ஸ்கூட்டி ஓடிப் பழகின எனக்கு ரெண்டு நாள்ல கைக்கு வந்திட்டு.

அது 2022ல பெற்றோல் இல்லாத காலத்தில நிப்பாட்டினது. பெற்றோலைப் பங்கிட்டுக் குடுக்க கியூ.ஆர். முறை வந்த புதுசில மோட்டார் சைக்கிளுக்கு கிழமைக்கு நாலே லீட்டர்தானே, அப்ப வீட்டில ரெண்டு வாகனம் வெச்சிருந்த கனபேர் ஒண்டை ஓரத்தில சாத்தி வெச்சாங்க, பிறகு எடுக்கவே இல்ல. இதுவும் அப்பிடி கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில சாக்கு மூடி நிண்டது. டேங்குக்குள்ள பழைய பெற்றோல் அப்பிடியே கிடந்து நாறினது.

நான் செய்த பிழை என்னெண்டா, கையில இருந்த காசில முதல்ல பெயின்ட் அடிச்சன், சீட் கவர் மாத்தினன். கராஜ்ல ஸ்டார்ட் பண்ணித் தந்தாங்க, சத்தம் நல்லா இருந்தது, பளபளப்பா இருந்தது, எனக்கு வேற என்ன தெரியும், சந்தோசமா ஓடிக்கொண்டு வந்தன். பத்தாவது நாள் பின்னேரம் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருந்து வரக்குள்ள மாடு ஒரு பட்டியாக் குறுக்க வந்திட்டு. ரெண்டு பிரேக்கையும் பிடிச்சன், பைக் நிக்கல்ல. கிரவல்ல சறுக்கி விழுந்து முழங்கால்ல அஞ்சு தையல். அண்டைக்கு பள்ளிக்கூடத்துப் புள்ள ஒண்டை ஏத்திக்கொண்டு வாறதா இருந்தது, கடைசி நேரத்தில அதிட தாய் வந்து கூட்டிக்கொண்டு போயிட்டா. அதை நினைச்சா இப்பவும் நெஞ்சு பதறுது.

மறுகா காத்தான்குடியில கராஜ் வெச்சிருக்கிற ஒரு நானாட்டக் கொண்டு போனன், முஸ்லிம் அண்ணன்மாரை நாங்க நானா எண்டுதான் கூப்பிடுறது. அவர் முன் வீலைக் கழட்டிக் காட்டினார், பிரேக் சூ தேஞ்சு மேல் பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்குது, கேபிள் உள்ளுக்குக் கறள் பிடிச்சு பாதியில இறுகி நிக்குது. டயர்ல பூ, அதான் மேல் வெட்டு, நிறைய இருந்ததால நான் நல்ல டயர் எண்டு நினைச்சிருந்தன், அவர் டயர்ட பக்கவாட்டில இருந்த நாலு இலக்கத்தைத் துடைச்சு வாசிக்கச் சொன்னார். 2309 எண்டு இருந்தது. முதல் ரெண்டும் கிழமை, கடைசி ரெண்டும் வருசம், அப்ப 2009ம் ஆண்டு 23ம் கிழமை செஞ்ச டயர். ரப்பர் காஞ்சு மரக்கட்டை மாதிரி ஆகியிருந்தா பூ இருந்து என்ன பிரயோசனம். பழைய பைக் பாக்கப் போற ஆர் எண்டாலும் இந்த நாலு இலக்கத்தைப் பாருங்க, அதுக்கு மெக்கானிக் தேவையில்ல.

நானா ஒரு நல்ல மனுசன். "தங்கச்சி, பாத்துக்கொண்டு நிண்டா பழகாது, கைய வையுங்க" எண்டு சொல்லி அவர்தான் எனக்குப் பழக்கினார், சனி ஞாயிறு எண்டு ஆறேழு கிழமை போனன். பிரேக் சூ இருக்கிற டிரம்முக்குள்ள கிடந்த தூசிய வாயால ஊதப் போனன், கையப் பிடிச்சு நிப்பாட்டினார். பழைய பிரேக் சூவில அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா கூடாது, ஈரத்துணியால துடைச்சு எடுக்கோணும். காத்தால ஊதி எடுக்கிறதை எத்தினை கராஜ்ல பாத்திருக்கிறன், அந்தச் சின்னப் பொடியன்மாரை நினைச்சா கவலையா இருக்கு.

மற்றது ஸ்க்ரூ ஆணி. எஞ்சின் கவர்ல இருக்கிற கூட்டல் வெட்டு ஆணியை வீட்டில இருந்த ஸ்டார் ஸ்க்ரூ ட்ரைவரால திருப்பி ரெண்டு ஆணிட தலையைத் தேய்ச்சுப் போட்டன். ஜப்பான் பைக்ல வாற ஆணிட வெட்டு வேற, அது ஜே.ஐ.எஸ். எண்ட அளவு, கடையில சாதாரணமா விக்கிற ட்ரைவர் அதுக்குள்ள முழுசா இருக்காது, பலமாத் திருப்பினா மேல எழும்பி வெட்டை அரிச்சுப் போடும். சரியான ட்ரைவரை வாங்கி, ஆணிக்கு ஒயில் விட்டு ஒரு ராத்திரி ஊற வெச்சு, சுத்தியலால அடிச்சுத் திருப்புற இம்பெக்ட் ட்ரைவரால கழட்டினா அசையும். எங்கட ஊர்ல கன ஆணி கழண்டு வராம நிக்கிறது இந்த ஒரு பிழையாலதான்.

டேங்குக்கு அவர் சொன்னது எங்கட குசினிச் சாமான்தான். வினாகிரி ஊத்தி, உள்ளுக்குக் கொஞ்சம் நட்டுப் போட்டு, ஒரு நாள் ஊறவிட்டு இடைக்கிடை குலுக்கோணும். கறள் கலங்கித் தேத்தண்ணி மாதிரி வரும். பிறகு அப்பச்சோடாத் தண்ணியால கழுவி, நல்லா வெயில்ல காயவெச்சு, காஞ்ச உடனே பெற்றோல் விட்டிடோணும், சும்மா வெச்சா ஒரு நாள்ல திருப்பிக் கறள் ஏறும். டேங்க் கழுவாம காபரேட்டரை மட்டும் கழுவி வேலையில்ல, எனக்கு கராஜ்ல அதைத்தான் செய்து தந்திருந்தாங்க, பத்து நாளைக்குள்ள காபரேட்டருக்குள்ள பெற்றோல் போற சின்ன ஜெட் திருப்பி அடைச்சு காலையில ஸ்டார்ட் வராம கிடந்தது. இப்ப பெற்றோல் லைன்ல ஃபில்டர் ஒண்டு போட்டிருக்கு. எஞ்சின் ஒயிலும் மாத்தினன், இந்தச் சின்ன எஞ்சினுக்கு ஒரு லீட்டர் கூடப் போகாது, அதைக் கூட மாத்தாம வருசக்கணக்கா ஓடுற ஆக்கள் இருக்காங்க.

எங்கட மாவட்டத்துக்கெண்டு ரெண்டு விசயம் இருக்கு. ஒண்டு உப்புக்காத்து. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, கல்லடிக் கடற்கரையில ஒரு பின்னேரம் நிப்பாட்டினாலே ஸ்போக்ஸ் கம்பியில உப்புப் படியும், வீட்ட வந்து நல்ல தண்ணியால கழுவி செயினுக்கு ஒயில் விடாட்டி கறள்தான். மற்றது மாரி வெள்ளம். வெள்ளத்துக்குள்ளால வந்தா டிரம்முக்குள்ள தண்ணி போய் கொஞ்ச நேரம் பிரேக் பிடிக்காது, மெதுவா ஓடி பிரேக்கை லேசா அமத்தி அமத்திக் காயவெச்ச பிறகுதான் வேகம் எடுக்கோணும். வீட்டுக்குள்ள வெள்ளம் வந்து பைக் மூழ்கியிருந்தா தயவு செய்து கிக்கரை உதைக்காதீங்க. பிளக்கைக் கழட்டித் தண்ணிய வெளியேத்தி, ஒயிலைப் பாருங்க, பால் தேத்தண்ணி நிறத்தில இருந்தா தண்ணி கலந்திட்டு, முழுசா மாத்தோணும்.

பைக்கிட பதிவுப் புத்தகத்தையும் சொல்லிப்போடுறன். நான் புத்தகம் இருக்கா எண்டு மட்டும்தான் கேட்டன். எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் புத்தகத்தோட ஒவ்வொரு இலக்கமா ஒப்பிடோணும், கடன் குடுத்த ஃபினான்ஸ் கம்பனிட பேர் அதில கிடக்கா எண்டும் பாக்கோணும். எங்கட பக்கம் ஓப்பன் பேப்பர்ல, அதான் பேர் மாத்தாமலே, நாலு கை மாறி வாற பைக் எக்கச்சக்கம், முதல் சொந்தக்காரர் வெளிநாட்டில, கையெழுத்துக்கு ஆள் இல்ல. பேர் மாத்துறதுக்கு 14 நாள் எண்டு சட்டம் இருந்தும் அதை ஆரும் கணக்கெடுக்கிறதில்ல. அந்தப் பைக் விபத்தில மாட்டினா பொலிஸ் தேடி வாறது புத்தகத்தில பேர் இருக்கிற ஆளைத்தான், வித்த ஆக்களும் இதை யோசிக்கோணும்.

நான் இதை எழுதுறது ஒரு கோரிக்கையோட. மட்டக்களப்பிலயும் அம்பாறையிலயும் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கு, அங்க மோட்டார் சைக்கிள் திருத்துறதைத் தொழிலாப் படிக்க மாசக்கணக்கா கோர்ஸ் நடக்குது. தொழிலாச் செய்யாம, சொந்த பைக்கை மட்டும் பாத்துக்கொள்ளப் பழகோணும் எண்டு நினைக்கிற எங்களுக்கு நாலு சனிக்கிழமை காலை போதும். பிரேக், செயின், டயர், பிளக், காபரேட்டர், புத்தகம் பாக்குறது, இவ்வளவும்தான். பொம்பிளைகள் கராஜ்ல போய் நிண்டு பழக எல்லாருக்கும் வசதிப்படாது, எனக்கு அந்த நானா மாதிரி ஒரு ஆள் கிடைச்சது என்ட அதிர்ஷ்டம். எங்கட ஒழுங்கையில மட்டும் ஆறு பேர் பழைய பைக் ஓடுறாங்க, அதில நாலு பேர் பொம்பிளைகள், ஆறு பேரும் காசு கட்டியும் வர ரெடி. பொறுப்பான ஆக்கள் ஆராவது இந்தக் கடிதத்தைப் பாத்தா மாரி தொடங்க முதல், ஐப்பசிக்கு முன்னம் தொடங்கித் தாங்க.

இப்படிக்கு,
பாலர் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
ஆரையம்பதி.