விற்ற பிறகு அல்ல, விற்பதற்கு முன் சோதியுங்கள்: 15 ஆண்டு கார்கள் குறித்துப் பழைய கார் வியாபாரிகளின் மனு

அனுப்புநர்:
பழைய கார் வாங்கி விற்கும் சிறு வியாபாரிகள்,
ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள்,
கிண்டி, சென்னை – 600 032.

நாள்: 08.10.2025

பொருள்: 15 ஆண்டு நிறைவடையும் சொந்த உபயோகக் கார்களின் பதிவுப் புதுப்பிப்பு – விற்பனைக்கு முன்பே தகுதிச் சோதனை செய்து எழுத்து மூலம் அறிக்கை பெற வழிவகை செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் எல்லோரும் ‘கார் கன்சல்டிங்’ என்று போர்டு மாட்டித் தொழில் செய்கிறவர்கள். பெரிய கம்பெனிகளின் பழைய கார் ஷோரூம்கள் எங்களுடையவை அல்ல. மெயின் ரோட்டில் வாடகைக்கு ஓர் இடம், மேலே தகரக் கூரை, கீழே ஏழெட்டு வண்டிகள், அவ்வளவுதான். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டின் முதல் காரை வாங்குகிறவர்கள். புது வண்டிக்கு முன்பணம் கட்ட முடியாது, ஆனால் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு பைக்கில் கூட்டிப் போகவும் முடியாது என்ற நிலையில் இருப்பவர்கள்.

சோதனை விதிகள் கடுமையாவதை நாங்கள் எதிர்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் வியாபாரிகள் மனு என்றாலே “சலுகை கேட்கிறார்கள்” என்று ஓரமாக வைத்துவிடுவது உண்டு. பிரேக் பிடிக்காத வண்டியை விற்கும் உரிமையை யாரும் கேட்கவில்லை. சோதனை எந்த நேரத்தில் நடக்கிறது, அதன் முடிவு யார் கையில் எந்த வடிவத்தில் கிடைக்கிறது என்பதுதான் எங்கள் பிரச்சினை.

ஒரு வண்டியை வைத்தே சொல்கிறோம். 2010 டிசம்பர் 20-ஆம் தேதி பதிவான ஒரு மாருதி ஆல்டோ கடந்த ஆகஸ்ட் மாதம் எங்களில் ஒருவரிடம் வந்தது. சிங்கிள் ஓனர், ஓய்வு பெற்ற ஆசிரியர், வண்டியை அளவாக ஓட்டியவர். எஞ்சின் நன்றாக இருந்தது. ஒரு வாரத்தில் பார்ட்டியும் வந்துவிட்டார்; பெருந்துறைப் பக்கம் மளிகைக்கடை வைத்திருப்பவர். விலையும் படிந்துவிட்டது. அப்புறம் ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) வாங்கிப் பார்த்தார். டிசம்பரில் 15 வருடப் பதிவுக் காலம் முடிகிறது. “எஃப்.சி. பண்ணிக் கொடுத்துடுங்க, வாங்கிக்கிறேன்” என்றார்; அதாவது தகுதிச் சோதனை முடித்துப் பதிவைப் புதுப்பித்துத் தரச் சொன்னார். நியாயமான பேச்சு.

ஆனால் எங்களால் செய்து கொடுக்க முடியவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 52-ஆவது விதிப்படி, பதிவைப் புதுப்பிக்கும் படிவம் 25-ஐ ஆர்.சி. முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள்தான் கொடுக்க முடியும். அதாவது இந்த வண்டிக்கு அக்டோபர் 20 வாக்கில்தான் விண்ணப்பிக்கவே முடியும். ஆகஸ்டில் வந்த பார்ட்டி அதுவரை காத்திருப்பாரா? ஃபைனான்ஸ் கம்பெனியும் ஆர்.சி.யில் நான்கு மாதம் மட்டும் மிச்சமிருக்கும் வண்டிக்குக் கடன் தர மாட்டேன் என்றது. இதற்கிடையே செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் சிறிய புதுக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டியின் விலை இறங்கியதும் பழைய வண்டிக்கும் கேட்கும் விலை இறங்கிவிட்டது. மளிகைக்கடைக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். ஆல்டோ இன்னும் கூரைக்கடியில்தான் நிற்கிறது. வரி குறைந்ததற்கு உங்கள் துறை பொறுப்பில்லை என்று தெரியும். ஆனால் அந்தக் காரை ஆகஸ்டிலேயே சோதித்து, “தகுதியானது” அல்லது “இன்னின்ன குறை உள்ளது” என்று ஒரு தாள் கிடைத்திருந்தால், இரண்டு தரப்பும் தெளிவோடு முடிவெடுத்திருக்கும்.

ஆர்.சி. முடிந்துவிட்ட வண்டியின் கதை இன்னும் மோசம். காலாவதியான ஆர்.சி.யை வைத்துப் பெயர் மாற்ற முடியாது, முதலில் புதுப்பித்தாக வேண்டும். 2021 அக்டோபரில் வந்த அறிவிக்கை, 2022 ஏப்ரல் 1 முதல் கார் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது. தாமதமானால் காருக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல். 20 வருடம் தாண்டிய கார்களுக்கு இந்த ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். இதோடு பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, டிங்கரிங், பெயின்ட். ஒரு லட்சத்துக்கும் கீழே விலை போகிற வண்டிக்கு இவை பெரிய தொகைகள். கட்டணத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. அதைக் குறைக்கச் சொல்லி உங்களிடம் கேட்பதில் பயனில்லை. இத்தனையையும் செலவழித்த பிறகுதான் வண்டி தேறுமா, தேறாதா என்பதே தெரிகிறது என்பதைத்தான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

தேறாவிட்டால் காரணம் எழுத்தில் வருவதில்லை. வாய்வார்த்தைதான். “பாடி சரியில்லை, வேலை பார்த்துட்டு வாங்க” என்பார்கள். எந்த இடம், எவ்வளவு என்று தெரியாது. பட்டறைக்குக் கொண்டுபோனால் டிங்கர் தன் கணக்குக்கு முழு வண்டியையும் பிரித்துவிடுவார். வேறொரு மாவட்டத்தில் எங்கள் நண்பர் ஒருவரின் சான்ட்ரோ இரண்டாவது முறையும் திருப்பி அனுப்பப்பட்டது. முதல் முறை சொன்ன குறை வேறு, இரண்டாவது முறை சொன்ன குறை வேறு. இரண்டும் முதல் நாளே இருந்தவை. அந்த வண்டியின் பெயின்ட்டைப் பார்த்தார்கள், பிரேக்கை யாரும் மிதித்துப் பார்க்கவில்லை. பளபளவென்று இருக்கிற வண்டி பாதுகாப்பான வண்டி என்று நினைப்பது ஆபத்து. எங்கள் தொழிலில் மோசமான வண்டிகளுக்குத்தான் முதலில் பெயின்ட் அடிப்பார்கள்.

அதனால்தான் தானியங்கிச் சோதனை நிலையங்களை நாங்கள் வரவேற்கிறோம். உருளை மேல் சக்கரத்தை ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் இயந்திரம் அளக்கிறது. ஹெட்லைட்டின் ஒளி அளவும் திசையும், வண்டி பக்கவாட்டில் இழுக்கிறதா என்பதும், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் ஆட்டம், புகை, ஹாரன் சத்தம் எல்லாமும் எண்களாக வருகின்றன. எண் வந்தால் வாக்குவாதம் குறையும். உதாரணத்துக்கு, பத்து வருடத்துக்கு மேல் வெயிலில் நின்ற கார்களில் ஹெட்லைட் மூடி மஞ்சள் பூத்துவிடும். பல்பு புதிதாக இருந்தாலும் வெளிச்சம் வெளியே வராது. மூடியைத் தேய்த்து பாலிஷ் செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும், செலவும் குறைவு. வீல் அலைன்மென்டும் அப்படியே. முன்கூட்டியே தெரிந்தால் ஒரே நாளில் முடிகிற வேலைகள் இவை. ஆனால் தானியங்கி நிலைய விதிகளில், மறுசோதனையிலும் தேறாத வண்டியை ‘ஆயுள் முடிந்த வாகனம்’ எனக் கருதவும் இடமிருக்கிறது. மஞ்சள் பூத்த ஹெட்லைட்டுக்கும் துருப்பிடித்து ஓட்டையான சேசிஸுக்கும் ஒரே தீர்ப்பு வந்துவிடக் கூடாது. இந்த நிலையங்கள் சொந்த உபயோகக் கார்களுக்கும் வருகிற நாளில், குறையை மட்டும் கண்டறியும் முன்சோதனையையும் முடிவைப் பதிவு செய்யும் சோதனையையும் பிரித்து வைக்க வேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.

புகை விஷயத்தில் இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாமல் வந்துகொண்டிருக்கிறது. 2010 ஏப்ரலில், வண்டிப் புகையின் அளவைக் கட்டுப்படுத்தும் பாரத் ஸ்டேஜ் 4 விதிமுறை நாட்டின் 13 நகரங்களில் மட்டும்தான் அமலானது. தமிழ்நாட்டில் சென்னை மட்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. நாடு முழுவதும் வந்தது 2017 ஏப்ரலில். ஆக, 2010-இல் சென்னையில் பதிவான ஒரு காரும் அதே மாதம் ஈரோட்டில் பதிவான அதே மாடல் காரும் வெவ்வேறு ஸ்டேஜாக இருக்கலாம். வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு ஸ்டேஜ் 3-க்கு 0.5 சதவீதம், ஸ்டேஜ் 4-க்கு 0.3 சதவீதம். தயாரிப்பு ஆண்டை மட்டும் பார்த்து வரம்பை வைத்தால் ஊர்க் கார்கள் தவறாகத் தோற்கும், சென்னைக் கார்கள் தவறாகத் தேறவும் கூடும். இந்த ஆண்டு முதல் 15 வருடத்தைத் தொடுகிறவை இப்படிப்பட்ட கார்கள்தான். ஆர்.சி.யில் உள்ள ஸ்டேஜைப் பார்த்தே வரம்பை எடுக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போதும்.

டெல்லியில் வண்டியின் நிலையைப் பார்க்காமல் வயதை மட்டும் பார்த்ததால் என்ன நடந்தது என்று தாங்கள் அறிவீர்கள். 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்ற 2018 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, நல்ல நிலையில் இருந்த வண்டிகள்கூட அடிமாட்டு விலைக்கு வெளிமாநிலங்களுக்குப் போயின. எங்கள் பக்கத்துக்கும் ‘டெல்லி வண்டி’ வந்தது. கடந்த ஆகஸ்டில் அதே நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டிக் கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று இடைக்கால உத்தரவு போட்டது. தமிழ்நாடு அந்த வழியில் போகவில்லை. நிலையைச் சோதித்து அனுமதிக்கும் முறை இங்கே இருக்கிறது. அதைச் செம்மையாக்கத்தான் கேட்கிறோம்.

2022 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்து 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதிகள், பதிவான வண்டிகளை விற்கும் டீலர்களுக்கு அங்கீகாரச் சான்று கொடுக்க வழி செய்தன. வண்டி எங்களிடம் ஒப்படைக்கப்பட்டதை இணையத்தில் தெரிவித்துவிட்டால் அதற்கு நாங்களே பொறுப்பு. பதிவுப் புதுப்பிப்பு, தடையில்லாச் சான்று, பெயர் மாற்றம் எல்லாவற்றுக்கும் நாங்களே விண்ணப்பிக்கலாம். வண்டி எங்கே, எதற்காக, எத்தனை கிலோமீட்டர் போனது என்று பதிவேடு வைக்க வேண்டும். எங்களுக்கு இதில் முழுச் சம்மதம். ஆனால் அங்கீகாரம் பெற்றவர்களிடமும் பழைய ஓனரை நேரில் அழைத்து வரச் சொல்லும் அலுவலகங்கள் உண்டு. அவர் வண்டியை விற்றுவிட்டு மகனோடு துபாய் போயிருப்பார். ஓ.டி.பி. அவருடைய பழைய போன் நம்பருக்குப் போகும், அந்த நம்பர் வேறொருவரிடம் இருக்கும். விதி கொடுத்த உரிமை கவுன்டரில் வந்து நின்றுவிடுகிறது.

எங்கள் தொழிலில் கெட்ட பெயர் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். கிலோமீட்டரைக் குறைத்து வைக்கிறவர்கள், 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்களைக் கழுவி, சீட் கவர் மாற்றி விற்றவர்கள். அவர்களோடு விலையில் போட்டி போட வேண்டியிருப்பது நேர்மையாகத் தொழில் செய்கிறவர்தான். அரசின் சோதனை அறிக்கை ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் ஒட்டப்பட்டிருந்தால் வாங்க வருகிறவர் எங்கள் வாயை நம்ப வேண்டியதில்லை. அறிக்கை இல்லாத வண்டி தானாகவே நின்றுபோகும்.

ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, 14 ஆண்டு கடந்த எந்தச் சொந்த உபயோகக் காரையும் ஓனரோ அங்கீகாரம் பெற்ற டீலரோ உரிய கட்டணம் செலுத்தி மோட்டார் வாகன ஆய்வாளரிடம் முன்சோதனைக்குக் கொண்டுவர வாரம் ஒரு நாளாவது ஒதுக்கித் தர வேண்டுகிறோம். முன்சோதனையில் கண்ட குறைகளை, அச்சிட்ட ஒரே படிவத்தில், பாதுகாப்புக் குறை எது, தோற்றக் குறை எது என்று பிரித்து, ஆய்வாளர் கையெழுத்துடன் தர வேண்டும். புதுப்பிப்புச் சோதனையின்போது, முன்சோதனை அறிக்கையில் இல்லாத தோற்றக் குறையைச் சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது; பாதுகாப்புக் குறை புதிதாக இருந்தால் தாராளமாக நிறுத்தட்டும். அங்கீகாரம் பெற்ற டீலரின் விண்ணப்பத்தைப் பழைய ஓனரின் நேரடி வருகை இல்லாமல் ஏற்கும்படி எல்லா வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்கும் தெளிவாக எழுத வேண்டும். 60 நாள் வரம்பை ஆறு மாதமாக உயர்த்த மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு மாநிலத்தின் பரிந்துரையை அனுப்பவும் கேட்டுக்கொள்கிறோம். இவற்றில் கடைசி ஒன்றுதான் டெல்லி போக வேண்டியது. மற்றவை தங்கள் அலுவலக அளவிலேயே முடியக்கூடியவை என்று நம்புகிறோம்.

முன்சோதனையை மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்க ஆள் பற்றாக்குறை தடையாக இருக்கும் என்பது தெரியும். ஆய்வாளர் ஒருவர் லைசென்ஸ் டெஸ்டும் பார்த்து, லாரிகளுக்கு எஃப்.சி.யும் பார்த்து, விபத்து வண்டியையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எனவே முதலில் ஒரு மாவட்டத்தில் மூன்று மாதம் நடத்திப் பார்க்கலாம். ஈரோடு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், எங்கள் இடங்களில் நிற்கும் 14, 15 வருட வண்டிகள் அனைத்தையும் குறித்த நாளில் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். தேறாதவை எவை என்பதை மறைக்காமல் பட்டியலிட்டுத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பவும் தயார். தீபாவளிக்குப் பிறகு தாங்கள் நேரம் ஒதுக்கினால் எங்களில் சிலர் நேரில் வந்து விளக்குகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழைய கார் வாங்கி விற்கும் சிறு வியாபாரிகள்,
ஈரோடு மாவட்டம்.

இணைப்பு: 1. கையெழுத்திட்ட வியாபாரிகளின் பட்டியலும் அங்கீகாரச் சான்று நகல்களும். 2. முன்சோதனை அறிக்கைக்கு நாங்கள் தயாரித்த மாதிரிப் படிவம்.

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், ஈரோடு.