காந்தி சிலையடியில் எங்களோடு நின்றவர்களுக்கு

அன்பான அம்மாமாருக்கும், அக்கா தங்கச்சிமாருக்கும், துணைக்கு வந்து நின்ற அண்ணன் தம்பிமாருக்கும் வணக்கம்.

ஓகஸ்ட் 4 மாலை திருகோணமலைக் கடற்கரையில் கறுப்பு உடுத்தி, வாய் திறந்து கோஷம் போடாமல், கொல்லப்பட்டவர்களின் பெயர்களை மட்டும் வாசித்து நின்றோமே, அது நடந்தது உங்களால்தான். 2006 இல் அதே நாளில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் ஊழியர்கள் 17 பேர் அவர்களுடைய அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் ஜனவரி 2 ஆம் திகதி, நாங்கள் நின்ற இடத்துக்குக் கிட்ட, ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். மாணவர் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் 2019 இல் விடுவிக்கப்பட்டார்கள்.

குமாரபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்த அம்மாவுக்கு முதல் நன்றி. 1996 பெப்ரவரி 11 இல் அந்த ஊரில் 24 பேரை இராணுவத்தினர் கொன்றார்கள். வழக்கு இருபது வருடம் இழுபட்டு, 2016 இல் அனுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்ட ஆறு இராணுவத்தினரும் விடுதலையானார்கள். அம்மா பெயர்ப் பட்டியலை பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "வெறும் பேரை வாசிக்காதேங்க பிள்ளை, வயசையும் சேர்த்து வாசியுங்க" என்று சொன்னார். அப்படியே செய்தோம். சின்னப் பிள்ளைகளின் வயது வரும்போது கூட்டத்தில் பலருக்குத் தாங்க முடியவில்லை.

அந்தப் பட்டியலை வாசித்தவர் கந்தளாயிலிருந்து வந்த சிங்கள அக்கா. தமிழ்ப் பெயர்களைச் சிங்கள எழுத்தில் எழுதி, முதல் நாள் இரவு போனில் எங்களிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பழகினார். ஒரு பெயரில் நாக்குத் தடுமாறியபோது நிறுத்திவிட்டு, திரும்ப முழுப் பெயரையும் சரியாகச் சொன்னார். அக்கா, இறந்தவர்களுக்கு நீங்கள் கொடுத்த அந்த மரியாதை எந்த நீதிமன்றத்திலும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 1990 ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் கொன்றதையும் வாசிப்போம் என்றதும், எங்கள் ஆட்களே சிலர் கோபப்பட்டார்கள். "எங்கட கதையையே கேட்க ஆளில்லை, இதையும் ஏன் தூக்குறீங்க?" அந்த வலி எங்களுக்குப் புரியாததல்ல. ஆனால் செர்பியாவின் தலைநகரான பெல்கிரேட் நகரத்துப் பெண்களை நினைத்துப் பார்த்தோம். 1991 இலிருந்து கறுப்புடுத்தி வீதியில் நிற்கிறார்கள். 1995 இல் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000 க்கும் மேற்பட்ட பொஸ்னிய முஸ்லிம் ஆண்களையும் பையன்களையும் கொன்றது தங்கள் செர்பிய இனத்தின் பெயரில் சண்டை பிடித்த படை என்பதைத் தங்கள் தலைநகரத்திலேயே நின்று வருடா வருடம் சொல்கிறார்கள், 'துரோகி' என்ற ஏச்சையும் வாங்கிக்கொண்டு. நம் பெயரில் செய்யப்பட்டதை நாமே சொன்னால்தான், நமக்குச் செய்யப்பட்டதைக் கேட்கும் குரலுக்கு வலு இருக்கும். இதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்.

அன்று காத்தான்குடிப் பதாகையை யார் பிடிப்பது என்று தயங்கி நின்றபோது, காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடி அலையும் ஓர் அம்மா மகனின் படத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் அந்தப் பதாகையைப் பிடித்தார். மறுபக்கத்தைப் பிடித்தவர் 2006 இல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மூதூரைவிட்டு ஓடிய முஸ்லிம் தாத்தா ஒருவர். எங்கள் ஊரில் அக்காவைத்தான் அவர்கள் தாத்தா என்பார்கள், வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறோம். இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அப்புறம், காசு வாங்காமல் பதாகை தைத்துத் தந்த தையல் கடை அக்கா, கச்சான் காற்றில் மெழுகுதிரி நிற்காது என்று அரிக்கன் லாம்புகளோடு வந்த மீனவ அண்ணன், சிவில் உடுப்பில் வந்தவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்ன சட்டத்தரணி. சம்பூரில் 2024 மே மாதம் 2009 இல் போரின் கடைசி நாட்களில் இறந்தவர்களை நினைத்துக் காய்ச்சும் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்களைக் கைது செய்ததைப் பார்த்த பிறகும் பயப்படாமல் வந்த பல்கலைக்கழகத் தங்கச்சிமார். எல்லாருக்கும் நன்றி.

பெப்ரவரி 11 குமாரபுரத்துக்குப் போகிறோம். நகரத்திலிருந்து பஸ் பிடிக்கிறோம், பிள்ளைகளையும் கூட்டி வரலாம். அம்மாவின் பட்டியலைச் சிங்களத்திலும் அச்சடிக்கும் வேலை தொடங்கிவிட்டது. எழுத்துப் பிழை பார்க்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.